ஒரு பெட்டி ரெட்ஹேவன் பீச்: வாங்கலாமா, வாங்கினால் என்ன செய்வது?

தோட்டத்திலிருந்து நேராக வீட்டுக்கு அனுப்பும் 10 கிலோ பீச் பெட்டி, ரெட்ஹேவன் ரகம். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டி வந்து சேரும் வாரம் உங்களுக்கு மாலை நேரத்தில் கொஞ்சம் ஓய்வு இருக்க வேண்டும், ஃப்ரீசரில் ஒரு தட்டாவது காலியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் ஒன்றிரண்டு கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுத்தர அளவுப் பழம் ஒன்று 150 கிராம் வரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பெட்டியில் 60, 70 பழங்கள். அத்தனையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கனிந்து நிற்கும்.

பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பிடித்தது அடுக்கியிருந்த விதம். இரண்டே அடுக்கு, ஒவ்வொரு பழத்துக்கும் தனிக் குழி உள்ள அட்டை, பழமும் பழமும் உரசவில்லை. பீச்சுக்கு இது ரொம்ப முக்கியம். இந்தப் பழத்தில் விரல் அழுத்திய இடம்கூட அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் பார்த்தால் பழுப்பு வட்டமாகத் தெரியும். கொட்டிக் குவித்து அனுப்பும் பெட்டிகளில் அடியில் இருக்கும் கால்வாசிப் பழம் மேலே இருப்பதன் பாரத்திலேயே கன்றிப்போகும். இதில் அப்படி அடிபட்டது மிகக் குறைவு. ரகத்தின் பெயரையும் பறித்த தேதியையும் மூடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பழம் விற்கும் எல்லோரும் இதைச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ரகத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ரெட்ஹேவன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சவுத் ஹேவன் ஊரில் ஸ்டான்லி ஜான்ஸ்டன் உருவாக்கியது, 1940இல் வெளிவந்தது. மற்ற ரகங்கள் எப்போது பழுக்கும் என்பதையே 'ரெட்ஹேவனுக்கு இத்தனை நாள் முன்னால், இத்தனை நாள் பின்னால்' என்று தோட்டக்காரர்கள் கணக்குச் சொல்லும் அளவுக்கு அது நிலைத்துவிட்டது. மஞ்சள் சதை, இனிப்போடு நல்ல புளிப்பும் உண்டு, வெட்டி வைத்தால் சீக்கிரம் கறுப்பதில்லை. கொட்டை விஷயத்தில் இது நடுத்தரம். செங்காயாக இருக்கும்போது கொட்டையில் கொஞ்சம் ஒட்டும், நன்றாகக் கனிந்தபின் திருகினால் சுத்தமாக விட்டுவரும்.

இந்தக் கொட்டை விவகாரத்தைக் கேட்காமல் பெட்டிக் கணக்கில் வாங்க வேண்டாம் என்பேன். ஒரு பழத்தைக் கடித்துச் சாப்பிடும்போது கொட்டை ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன. ஆனால் 5 கிலோ பழத்தை ஒரே மாலையில் வெட்டப் போகிறீர்கள் என்றால் நிலைமையே வேறு. ஃப்ரீஸ்டோன் வகையில் நடுக்கோட்டைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, இரு கைகளாலும் எதிரெதிராகத் திருகினால் இரண்டு பாதியாகப் பிரியும், கொட்டை கையோடு வரும். கிளிங்ஸ்டோன் என்றால் சதையைக் கொட்டையிலிருந்து செதுக்கித்தான் எடுக்க வேண்டும், சாறு முழங்கை வரை வழியும், பாதிச் சதை கொட்டையோடே போகும். டின்னில் வரும் பீச் பெரும்பாலும் இந்த ஒட்டும் வகைதான், சதை கெட்டியாக இருப்பதால் வேகவைத்தாலும் உருக்குலையாது, கொட்டை எடுக்க அங்கே இயந்திரம் இருக்கிறது. வீட்டில் அது நமக்கு எதற்கு?

அடுத்தது பழுத்தது எது என்று பார்ப்பது. சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெயில் பட்ட பக்கம் காயிலேயே சிவந்துவிடும், ரெட்ஹேவன் அதில் இன்னும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். பார்க்க வேண்டியது சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறம், முக்கியமாகக் காம்புக் குழியைச் சுற்றி. அங்கே பச்சை துளியும் இல்லாமல் மஞ்சளாகியிருந்தால் சரியான பக்குவத்தில் பறித்திருக்கிறார்கள். பச்சை இருந்தால் பறிக்க அவசரப்பட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பழம் வீட்டில் மெத்தென்று ஆகும், வாசனைகூட வரும், இனிப்பு மட்டும் அதிகமாகாது. வாழைக்காயில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து பழுக்கும்போது சர்க்கரையாக மாறுகிறது, பீச்சில் அப்படி எடுத்து மாற்றிக்கொள்ளச் சேமிப்பு எதுவும் இல்லை. மரத்தில் இருந்தவரை ஏறிய சர்க்கரை எவ்வளவோ அவ்வளவுதான். தோட்டத்திலிருந்து நேராக வாங்குவதில் எனக்குத் தெரியும் பெரிய லாபம் இதுதான், அவர்கள் இன்னும் சில நாள் மரத்தில் விட்டுப் பறிக்க முடிகிறது.

இன்னொரு லாபம், குளிரில் கிடக்காமல் வருவது. சுமார் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்தான் கனியாத பீச்சுக்கு எமன். அதில் சில வாரம் கிடந்தால் பிறகு வெளியே எடுத்துக் கனியவைத்தாலும் சதை சாறே இல்லாமல் நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிடும், கொட்டையைச் சுற்றிப் பழுப்பேறும். அதைவிடக் குளிரான பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் இவ்வளவு கெடுதல் இல்லை. முன்பு ஒரு பெரிய கடையில் வாங்கிய பழம் பார்க்க அவ்வளவு அழகு, வெட்டினால் எல்லாமே மாவு மாவாக இருந்தது. வீட்டு ஃபிரிட்ஜும் பெரும்பாலும் 4 டிகிரியில்தான் ஓடுகிறது. ஆகவே செங்காயை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியிலேயே, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வைத்து, கனிந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். அவசரமாகக் கனிய வேண்டுமென்றால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

பெட்டி வந்ததும் கழுவவும் வேண்டாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: இன்னும் கெட்டியாக இருப்பது, கனிந்தது, கன்றியது அல்லது கீறல் பட்டது. இதைத் தினமும் ஒருமுறை செய்ய வேண்டும், இரண்டு நிமிட வேலை. பீச்சைத் தாக்கும் பழுப்பு அழுகல் ஒரு பூஞ்சை நோய், ஒரு புள்ளியாகத் தொடங்கி அடுத்த நாளே பாதிப் பழத்தைத் தின்றுவிடும், தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துப் பழத்துக்கும் தாவும். அப்படி ஒன்றைப் பார்த்தால் தயவுதாட்சண்யம் இல்லாமல் தூக்கிப் போட வேண்டியதுதான். வெறுமனே கன்றியது வேறு, அந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம்.

இனி இதை எப்படித் தீர்ப்பது. பெட்டியில் இருப்பதிலேயே நல்ல பழங்களை அப்படியே கடித்துச் சாப்பிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிறையப் பழம் வந்தவுடன் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் முதல் நாளே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். பீச்சின் உயிர் அதன் வாசனையில் இருக்கிறது. லாக்டோன் என்னும் சேர்மங்கள்தான் அந்த வாசனைக்குக் காரணம், பழம் கனியக் கனியத்தான் அவை கூடும். நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் பாதி நீராவியோடு போய்விடும், குளிரில் இருந்தாலும் மூக்குக்கு எட்டாது. அதனால் ஃபிரிட்ஜில் வைத்த பழத்தைச் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீரில் காட்டி உள்ளங்கையால் மெல்லத் தேய்த்தால் மேல் முடி போய்விடும், தோலோடு சாப்பிடலாம். சுணை உறுத்துகிறது என்பவர்கள் நெக்டரின் வாங்கலாம், அதுவும் பீச்தான், முடி வளராத ஒரு மரபணு வேறுபாடு, அவ்வளவே. தட்டு, கத்தி எதுவும் தேவையில்லை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் குனிந்து நின்று சாப்பிட்டால் சட்டை தப்பும்.

வெட்டிச் சாப்பிடுவதென்றால் தக்காளியோடு சேர்த்துப் பாருங்கள். நன்றாகப் பழுத்த தக்காளி, பீச், கொஞ்சம் உப்பு, மிளகுத்தூள், இருந்தால் மென்மையான புதுச் சீஸ், கிள்ளிப் போட்ட துளசி வகை இலை ஏதாவது. உப்பு பட்டதும் இரண்டிலிருந்தும் சாறு விட்டு அடியில் சேரும், அந்தச் சாற்றுக்காகவே இதைச் செய்யலாம். சர்க்கரை தூவி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல பழத்துக்கு அது தேவையில்லை, சுமாரான பழத்தை அது காப்பாற்றுவதும் இல்லை.

சாப்பிட்டது போக மீதிக்கு என் முதல் தேர்வு ஃப்ரீசர். ஜாமைவிட, வற்றலைவிட, பாட்டிலில் அடைப்பதைவிட ஃப்ரீசரில் வைத்த பீச்தான் மாதங்கள் கழித்தும் பீச்சாக மணக்கிறது. முதலில் தோல் உரிக்க வேண்டும். பழத்தின் அடியில் கத்தியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறி, கொதிக்கும் நீரில் 30 வினாடியிலிருந்து ஒரு நிமிடம் போட்டு, எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் சட்டையைக் கழற்றுவது போல வந்துவிடும். கனியாத பழத்தில் இது நடக்காது, தோல் பிய்ந்து பிய்ந்து வரும், அதனால் தோல் வரும் விதத்தை வைத்தே பழத்தின் பக்குவத்தைக் கண்டுபிடிக்கலாம். உரித்ததும் துண்டு போட்டு உடனே எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் போடுங்கள், காற்றுப் பட்டால் கறுக்கும். வைட்டமின் சி தூள் கிடைத்தால் இன்னும் நல்லது, சுமார் 600 கிராம் துண்டுகளுக்குக் கால் டீஸ்பூன் தூளை மூன்று மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்துத் தெளித்துப் பிரட்டினால் போதும், எலுமிச்சை வாசனையும் ஏறாது. அப்புறம் துண்டுகளைத் துணியில் ஒற்றி, தட்டில் ஒட்டாமல் பரப்பி, உறைந்து கல்லானதும் ஜிப் பையில் போட்டுக் காற்றை நன்றாக வெளியேற்றி மூடவும். இந்தத் தட்டு வேலையைத் தவிர்த்து நேராகப் பையில் கொட்டினால் ஒரே கட்டியாக உறைந்து, வேண்டியபோது நாலு துண்டு எடுக்கச் சுத்தியல்தான் வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் 8 முதல் 12 மாதம் வரை தரம் குறையாமல் இருக்கும்.

வெளியே எடுத்து முழுதாக இளகவிட்டால் மட்டும் தொளதொளவென்று ஆகும், உறையும்போது பனித்துகள்கள் சதையின் செல்களைக் கிழித்துவிடுவதால் அதைத் தவிர்க்க முடியாது. பாதி இளகிய நிலையில் தயிரோடு அரைத்தோ, கஞ்சியின் மேல் போட்டோ சாப்பிடுங்கள், கேக் மாவிலோ, பழம் வைத்துச் சுடும் 'பை' (pie) மாவின் நடுவிலோ போடுவதென்றால் உறைந்தபடியே போடலாம். இந்தப் 'பை' செய்யும்போது சோள மாவை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டுங்கள், நிறைய நீர் விடும்.

ஜாம் எனக்கு இரண்டாவது இடம். கன்றிய பழம், மிகவும் கனிந்த பழம் எல்லாம் இதற்குத்தான். பீச்சில் பெக்டின் குறைவு, அதனால் ஆப்பிள், கொய்யா மாதிரி தானாகக் கெட்டிப்படாது, கெட்டிப்பட வேண்டுமே என்று காய்ச்சிக்கொண்டே இருந்தால் நிறம் மங்கி, கருகிய சர்க்கரை வாசனை மட்டும் மிஞ்சும். நான் செய்வது இப்படி: தோலுரித்து நறுக்கிய பழம் 1 கிலோ, சர்க்கரை 700 கிராம், இரண்டு எலுமிச்சையின் சாறு, எல்லாம் கலந்து ஃபிரிட்ஜில் ஓர் இரவு. காலையில் பழம் தன் சாற்றிலேயே மிதக்கும். அகலமான பாத்திரத்தில் பெரிய தீயில் கொதிக்கவிட வேண்டும், பாத்திரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் நீர் வற்றும், அவ்வளவு வாசனை மிஞ்சும். வெப்பமானி இருந்தால் 104, 105 டிகிரியில் இறக்கலாம், மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு நீர் கொதிக்கும் சூட்டைவிட 4, 5 டிகிரி கூட என்பது கணக்கு. இல்லையென்றால் ஃப்ரீசரில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் ஆயிற்று. பெக்டின் சேர்க்காததால் இது கொஞ்சம் வழியும் பதத்தில்தான் இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும், ரொட்டியில் தானாகப் பரவும். கெட்டியாக வேண்டும் என்பவர்கள் கடையில் விற்கும் பெக்டின் தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவுப்படி போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்ப்பது நல்லது.

வற்றல் போடுவது பரவாயில்லை. பீச்சில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர், ஒரு கிலோ சதையிலிருந்து 150 கிராம் தேறினால் அதிகம். டீஹைட்ரேட்டரில் 57 முதல் 60 டிகிரியில் மெல்லிய துண்டுகளுக்கு 6 மணியிலிருந்து 16 மணி நேரம் வரை பிடிக்கும், பாதிப் பாதியாகப் போட்டால் ஒரு நாளுக்கும் மேல். இடம் மிச்சம், பயணத்துக்கு நல்லது, குழந்தைகள் மிட்டாய் போல மெல்லுவார்கள். ஆனால் புதுப் பழத்தின் சுவை இதில் வராது.

பாட்டிலில் பாகு ஊற்றி அடைத்துக் கொதிநீரில் வைத்து எடுக்கும் முறைக்குப் பொறுமையும் சரியான பாட்டிலும் மூடியும் வேண்டும். பழத்தைப் பாகில் ஒரு கொதி விட்டுச் சூடாக அடைத்தால் மேலே மிதக்காது, நிறமும் நன்றாக நிற்கும், அரை லிட்டர் பாட்டிலுக்குக் கொதிநீரில் 20 நிமிடம், ஒரு லிட்டருக்கு 25 நிமிடம், உயரமான ஊர் என்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும். இதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், வெள்ளைச் சதைப் பீச்சை இப்படி அடைக்கக் கூடாது. அதில் சில ரகங்களின் பிஎச் அளவு 4.6ஐத் தாண்டும், அந்த அளவுக்குப் புளிப்பு குறைந்தால் உணவைக் கொடிய நஞ்சாக்கும் பாட்டுலிசம் கிருமி வளர இடம் உண்டு, கொதிநீர் அதைக் கொல்லாது. வெள்ளைப் பீச்சை அப்படியே சாப்பிடுங்கள் அல்லது ஃப்ரீசரில் வையுங்கள்.

கெட்டியாக நின்றுபோன சில பழங்கள் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டாக வெட்டி, மெல்லிய சர்க்கரைப் பாகில் வெனிலா போட்டுக் குறைந்த தீயில் கத்தி இறங்கும்வரை வேகவைத்தால் போதும். 1890களில் லண்டன் சவாய் ஹோட்டலில் சமையற்கலைஞர் எஸ்காஃபியே பாடகி நெல்லி மெல்பாவுக்காகச் செய்த பீச் மெல்பாவும் இதே அடிப்படைதான், பாகில் வெந்த பீச், வெனிலா ஐஸ்கிரீம், மேலே பிற்பாடு சேர்ந்த ராஸ்பெரி கூழ். சூடான தட்டையான சட்டியில் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்துச் சிவக்க வாட்டினாலும் நன்றாக இருக்கும். ஜூஸ் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பத்துப் பழம் ஒரு குடத்துக்குள் காணாமல் போகும், குடிக்கும்போது வெறும் இனிப்புக் கூழாக இருக்கும்.

உரித்த தோலில் சிவப்பு அத்தனையும் இருக்கிறது. தோல் முழுக அளவாக நீர் விட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சினால் நல்ல இளஞ்சிவப்பு சிரப் கிடைக்கும், சோடாவில் ஊற்றிக் குடிக்கலாம். பெட்டி முழுக்கச் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இதுவும் ஒன்று. கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்ன வேண்டாம், வாதுமை வாசனை அடித்தாலும் அதில் அமிக்டலின் இருக்கிறது, வயிற்றுக்குள் சயனைடை வெளிவிடும்.

பெட்டியில் குறை என்று சொல்வதென்றால் இரண்டு. மூடியில் ரகப் பெயர் இருக்கிறது, கொட்டை ஒட்டுமா ஒட்டாதா என்பது இல்லை. பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் நேரம் இருக்காது, ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். இரண்டாவது, 5 கிலோவில் பாதிப் பெட்டி இல்லை. சின்னக் குடும்பத்துக்கு, தனியாக இருப்பவர்களுக்கு இது பெரிய தடை. பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ள முடிந்தால் சரி, இல்லையென்றால் கனிவு வேறுபட்ட பழமாகப் பாதிக்குப் பாதி கலந்து அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அப்படி அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள், அடுத்த பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பழத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் ஐந்துக்கு ஐந்து, பெட்டி அளவுக்கு மூன்று.